குடியை விடச் சொல்வதற்கு முன்

(தோட்டக் கிளையின் மாதர் சங்கமும் வாலிபர்களும் சேர்ந்து கோயில் மண்டபத்தில் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மழையோடு மழையாக மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, சோறு கூட ஆக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

எங்களைப் போல தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்களுக்குச் சம்பள நாள் எது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இடாப்பைத் திறந்தாலே தெரியும். 10ஆம் திகதி சம்பளம் போட்டால் 11ஆம் திகதி வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் இல்லை. வந்த பிள்ளைகளிலும் இரண்டு மூன்று பேர் மேசையில் தலையை வைத்துத் தூங்குவார்கள். எழுப்பிக் கேட்டால், "ராவைக்கு எல்லாரும் மேல்லயத்துச் சித்தி வீட்டுல இருந்தோம் டீச்சர்" என்பார்கள். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை. நாங்களும் அதே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். ராத்திரியில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு இஸ்தோப்பில் விடியும்வரை உட்கார்ந்திருந்த ஞாபகம் எங்களுக்கும் இருக்கிறது.

இந்தக் கூட்டத்தைப் போடலாமா என்று கமிட்டியில் பேசியபோது ஒரு மூத்த தோழர் தடுத்தார். "சம்பளத்தைப் பத்திப் பேச வேண்டிய சங்கம் சாராயத்தைப் பத்திப் பேசினா, வெளியில இருக்கிறவன் நம்மளப் பாத்துச் சிரிக்க மாட்டானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆயிரம் ரூபாவுக்காக நாம் ரோட்டில் நின்ற வருடங்களிலும், 2024இல் 1700 ரூபா கேட்டபோதும் ஒரு பேச்சு நம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. "இவங்களுக்குக் கூட்டிக் கொடுத்தா கூடக் குடிப்பாங்க." பஸ்ஸில் கேட்டிருக்கிறோம், ஒபிஸ் வாசலில் கேட்டிருக்கிறோம். துரைமார் கிளப்பிலும் போத்தல் திறக்கிறது. அதற்காக அவர்கள் சம்பளத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒருவரும் சொன்னதில்லை. நம் உழைப்புக்கான கூலி நம் உரிமை. அதை வாங்கி நாம் என்ன செய்கிறோம் என்பதைக் காட்டித்தான் அதை வாங்க வேண்டும் என்ற சட்டம் எங்கும் இல்லை.

ஆனால் அவர்கள் ஏளனம் செய்கிறார்கள் என்பதற்காக நாம் வாயை மூடிக்கொண்டால், இடாப்பில் விழுகிற அந்த ஏழெட்டு வெற்றுக் கட்டங்களை யார் பார்ப்பது? அதனால்தான் இன்று பேசுகிறோம். புத்திமதி சொல்ல வரவில்லை. குடி கெடுதி என்று உங்களுக்கு ஒரு டீச்சர் வந்து சொல்ல வேண்டுமா? குடிக்கிறவருக்கே அது தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. அது தெரியாததால் எங்கள் கண் முன்னால் ஒரு உயிர் போகப் பார்த்தது.

அவர் பெயரைச் சொல்ல மாட்டோம். அவருடைய அனுமதியோடுதான் பேசுகிறோம். நல்ல வேலைக்காரர். கவ்வாத்து மலையில் அவர் வெட்டிய செடியைப் பார்த்தால் தனியாகத் தெரியும். ஆரம்பத்தில் சம்பளத்துக்குச் சம்பளம் குடித்தார், பிறகு சனி ஞாயிறு, பிறகு தினமும். கடைசி இரண்டு மூன்று வருடம், காலையில் பெரட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒரு மடக்கு இறங்கினால்தான் கத்தியைப் பிடிக்கக் கை நிற்கும். ஒரு மாசியில், காமன் கூத்துக்குக் காப்புக் கட்டுகிறேன், கம்பத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணுகிறேன், இனித் தொட மாட்டேன் என்று நின்றார். லயமே சந்தோஷப்பட்டது. அவர் மனைவி தேங்காய் உடைத்தார். நாங்களும் கை கொடுத்தோம்.

முதல் நாள் பொழுது சாயும்போதே கை நடுங்கியது. குளிரில் வேர்த்துக் கொட்டியது, சாப்பிட்டதெல்லாம் வாந்தி. "விரதம் இருந்து பழக்கமில்ல, அதான்" என்றோம். இரண்டாம் நாள் ராத்திரி கை கால் இழுத்து ஒரு தடவை வலிப்பு வந்தது. கையில் இரும்பைக் கொடுத்தார்கள், நின்றது. மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் எறும்பு ஊருகிறது என்று தட்டத் தொடங்கினார். செத்துப்போன தகப்பனோடு பேசினார். சொந்தப் பிள்ளையை யாரென்று தெரியவில்லை. நாலு பேர் பிடித்தாலும் அடங்கவில்லை. கம்பத்து முனி பிடித்துவிட்டது என்று சொல்லி கோடாங்கியைக் கூப்பிட்டார்கள். உடுக்கு அடித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். அந்தக் கோடாங்கித் தாத்தாவை நாங்கள் குறை சொல்லமாட்டோம். நடுச்சாமத்துக்குப் பிறகு அவர்தான் உடுக்கைக் கீழே வைத்துவிட்டு, "உடம்பு நெருப்பாக் கொதிக்குது, இது நம்ம வேலையில்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். 1990க்குப் போன் பண்ணினோம். அம்புலன்ஸ் தார் ரோட்டோடு நின்றது. லயத்திலிருந்து அதுவரைக்கும் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாகக் குடித்தது எப்போது?" அவர் மனைவி அழுதுகொண்டே, "அவரு குடிய விட்டு மூணு நாளாச்சுங்க சேர்" என்றார். டொக்டர் சொன்னார்: "அதுதான் அம்மா வருத்தம். இப்படித் தினமும் குடித்தவர் ஒரே அடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து."

இதை எங்கள் யாருக்கும் அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. மேடை மேடையாக ஏறி, "இன்றே நிறுத்து, இப்போதே நிறுத்து" என்று நாங்களும் கத்தியிருக்கிறோம்.

அந்த டொக்டர் விளக்கியதை எங்களுக்கு விளங்கிய மாதிரி சொல்கிறோம். கொழுந்து லொறி ஒன்று சரிவான ரோட்டில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சாராயம் மூளைக்குப் பிரேக் மாதிரி. குடித்தவுடன் பயம் குறைகிறது, நாக்குக் குழறுகிறது, கண் சொக்குகிறது. எல்லாம் அந்தப் பிரேக் பிடிப்பதால்தான். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பிரேக் விட்டதும் லொறி பழையபடி ஓடும். தினமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால், மூளை வேலையைக் கொண்டுபோக வேண்டுமே, அது தன் பங்குக்கு அக்சிலேட்டரை மிதிக்கத் தொடங்கும். அதனால்தான் முன்பு ஒரு கால் போத்தலில் வந்த மயக்கம் இப்போது அரைப் போத்தலுக்கும் வருவதில்லை. "எனக்கு எவ்வளவு குடிச்சாலும் ஏறாது" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது பலம் இல்லை. அக்சிலேட்டர் அடிமட்டம்வரை அமுங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம். இந்த நிலையில் பிரேக்கை மட்டும் சட்டென்று விட்டால் லொறி என்ன ஆகும்? நடுக்கம், வியர்வை, தூக்கமில்லாமை, வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது, இருதயம் தாறுமாறாக அடிப்பது எல்லாம் அந்த ஓட்டம்தான்.

நடுக்கம் கடைசிக் குடிக்குப் பிறகு ஆறேழு மணித்தியாலத்தில் ஆரம்பிக்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். புத்தி தடுமாறி, காய்ச்சலோடு கண்டதையும் காண்கிற கட்டம் இரண்டாம் நாள் முடிந்து நாலாம் நாளுக்குள் வரும். எல்லாருக்கும் இப்படி வராது. பலர் நாலைந்து நாள் கஷ்டத்தோடு தப்பிவிடுவார்கள். ஆனால் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கிறது என்கிறவர், தினமும் அரைப் போத்தலுக்கு மேல் போகிறவர், முன்பு ஒரு தடவை விடப்போய் வலிப்பு வந்தவர், இவர்கள் வீட்டில் தாங்களாக நிறுத்தவே கூடாது. ஆஸ்பத்திரியில் படுத்து நிறுத்த வேண்டும். அங்கே அந்த ஓட்டத்தை அடக்குகிற மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். பி1 விற்றமின் ஊசி போடுவார்கள். குடிக்கிறவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிடுவதையும் உடம்பு சரியாக எடுப்பதில்லை. பி1 குறைந்தால் கண் ஓட்டம் கெடும், நடை தள்ளாடும், ஞாபகம் நிரந்தரமாகப் போய்விடும். குடிக்காமல் இருக்கும்போதும் குடித்தவர் மாதிரி நடக்கிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு ஊசியைக் காலத்தோடு போட்டிருந்தால் அந்த மனிதர் நேராக நடந்திருக்கலாம்.

எங்கள் தோழர் பதினொரு நாள் வார்டில் இருந்தார். ஒபிஸில் பேர் வெட்டப் பார்த்தார்கள். தலைவர் ஆஸ்பத்திரித் துண்டைக் கொண்டுபோய்க் காட்டி, "இது நோய், கள்ள லீவு இல்ல" என்று நின்றார். அன்றைக்குத்தான் எங்களுக்கே அந்தச் சொல் வாயில் வந்தது. நோய். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் மதுவில் தங்கியிருப்பது ஒரு நோயாகத்தான் இருக்கிறது.

சரி, ஏன் குடிக்கிறார்கள்? எங்கள் அப்பாமார் சொன்ன காரணம்தான் இன்றைக்கும். குளிருக்கு, உடம்பு வலிக்கு, தூக்கத்துக்கு. இவற்றைப் பொய்ச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. குளிர் உண்மை. நாள் முழுக்க மருந்து டாங்கியை முதுகில் கட்டி மலை ஏறுகிறவருக்கு வலி உண்மை. ஒரே காம்பராவில் ஏழு பேர் படுக்கிற வீட்டில் தூக்கம் வராததும் உண்மை. சாராயம் அதற்கு மருந்தா என்பதுதான் கேள்வி.

குளிரை எடுத்துக்கொள்வோம். குடித்ததும் உடம்பு சூடாகிற மாதிரி இருக்கும். தோலில் இருக்கிற இரத்தக் குழாய்கள் விரிவதால் உள்ளே இருந்த சூடு வெளியே வருகிறது, அவ்வளவுதான். உள்ளே உடம்பு குளிர்ந்துகொண்டே போகிறது. பனிக்காலத்தில் குடித்துவிட்டு ரோட்டோரம் படுத்தவர் விடியும்போது விறைத்துக் கிடந்த கதை எந்தத் தோட்டத்தில் இல்லை? வலியும் அப்படித்தான். இரண்டு மணித்தியாலம் மரத்துப்போகும், பிறகு திரும்பி வரும். வருடக்கணக்கில் குடித்தால் கால் நரம்பே கெட்டு உள்ளங்காலில் எரிச்சலும் ஊசி குத்துகிற மாதிரியும் வரும். தூக்கம் என்று சொல்வது மயக்கம். ராத்திரி எட்டு மணிக்கு விழுந்தவர் இரண்டு மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க எழுந்துவிடுவார். உடம்பு களைப்பாறுகிற ஆழ்ந்த தூக்கம் அவருக்குக் கிடைப்பதில்லை. பகல் முழுக்க அலுப்பு. அந்த அலுப்புக்குப் பொழுது சாய்ந்ததும் மறுபடியும் அதே மருந்து.

ஒரு கணக்குப் பார்ப்போம். நாங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கணக்கு அளவுதான். கடைச் சாராயம் கால் போத்தல் 180 மில்லிலீட்டர். அதில் 33 சதவீதம் மதுசாரம் என்றால் சுமார் 60 மில்லிலீட்டர், எடையில் 47 கிராம் அளவு. இதை உடம்பிலிருந்து கழிக்கிற வேலை பெரும்பாலும் ஈரலுடையது. அது ஒரு மணித்தியாலத்துக்கு ஏழு முதல் பத்துக் கிராம்தான் கழிக்கும். தேசிக்காய் குடித்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும், வெறும் கோப்பி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. அப்படியென்றால் கால் போத்தல் கழிய ஐந்து முதல் ஏழு மணித்தியாலம். 375 மில்லிலீட்டர் அரைப் போத்தல் என்றால் பத்து மணித்தியாலத்துக்கு மேல். ராத்திரி ஒன்பது மணிக்குக் குடித்து முடித்தவர் காலையில் பெரட்டுக்கு நிற்கும்போதும் இரத்தத்தில் சாராயம் ஓடிக்கொண்டிருக்கிறது. "நேத்துக் குடிச்சதுதானே" என்று சொல்லிக்கொண்டு அவர் கவ்வாத்துக் கத்தியை எடுக்கிறார். அல்லது ஃபெக்டரியில் ரோலருக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

ஈரல் பேசாமல் வேலை செய்கிற உறுப்பு. முதலில் அதில் கொழுப்புப் படியும். ஒன்றும் தெரியாது, வலிக்காது. இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் சில வாரங்களிலேயே ஈரல் பழையபடி தேறிவிடும். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் "இனி விட்டு என்ன பிரயோசனம்" என்று முப்பது வயதுத் தம்பிமார் எங்களிடம் சொல்கிறார்கள். பிரயோசனம் இருக்கிறது. தொடர்ந்து குடித்தால் ஈரல் வீங்கும், பிறகு தழும்பேறிக் கல் மாதிரி ஆகிவிடும். தழும்பான பகுதி திரும்பாது. கண் மஞ்சளாகும், கை கால் குச்சியாகி வயிறு மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும், கால் வீங்கும், இரத்த வாந்தி வரும், மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகும். இரத்த வாந்தியோ கறுப்பு மலமோ கண்டால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. மஞ்சள் காமாலை என்று பத்தியம் இருந்து கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்து ஒரு மாதத்தைக் கடத்தாதீர்கள். தழும்பேறிய பிறகு நிறுத்தினாலும், மிச்ச ஈரலை வைத்து இன்னும் பல வருடம் வாழ்ந்தவர்கள் உண்டு.

இன்னொன்று. காலையில் தலைவலி என்று தினமும் பரசிட்டமோல் போடுகிறார்கள். நிறையக் குடிக்கிறவருடைய ஈரலுக்கு அந்த மாத்திரை அளவு மீறினால் விஷம். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர் வெறும் வயிற்றில் குடித்தால் சீனி சட்டென்று இறங்கி மயங்கிவிடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் வெறி என்று நினைத்துத் தூங்க விட்டுவிடுவார்கள். வாய், தொண்டை, ஈரல், குடல், பெண்களுக்கு மார்பு, இந்த இடங்களில் வருகிற புற்றுநோய்க்கு மதுசாரம் ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் முடிவு சொல்லிவிட்டது. வாய்க்கும் தொண்டைக்கும், சாராயத்தோடு வெற்றிலை புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பல மடங்கு. இதை ஆண்களுக்கு மட்டும் சொல்லவில்லை. அலுப்புக்கு ஒரு கிளாஸ் எடுக்கிற அக்காமாரும் இங்கே இருக்கிறீர்கள், வெட்கப்பட வேண்டாம். பெண்ணுடைய உடம்பில் அதே அளவு சாராயம் கூடுதலாக ஏறும், ஈரலும் சீக்கிரம் கெடும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஒரு சொட்டும் வேண்டாம். தாய் குடிப்பது பிள்ளையின் மூளைக்குப் போகிறது.

கசிப்பைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. அதில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. மெதனோல் கலந்த ஸ்பிரிட் கையில் கிடைத்தால் சில மடக்கிலேயே கண் போகும், உயிரும் போகும். குடித்து அரை நாள் கழித்துத்தான் கண் மங்கத் தொடங்கும் என்பதால், அதை வெறி என்று நினைத்துப் படுக்க விடாதீர்கள். ஒருவருக்குக் கண் மங்கினால் கூடக் குடித்த எல்லாரையும் கொண்டு போங்கள். பொலிஸ் கேஸ் வரும் என்று பயந்து ஆளை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

இனி மனசு. காலையில் எழுந்து, "நேத்து நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்பார். நடிக்கிறார் என்று வீட்டில் எரிச்சல் வரும். அளவுக்கு மேல் வேகமாகக் குடித்தால் மூளை அந்த நேரத்து ஞாபகத்தைப் பதிவதே இல்லை. அவர் நடந்தார், பேசினார், தட்டை எறிந்தார், ஆனால் ஒன்றும் உள்ளே எழுதப்படவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு எல்லாம் தெரியும். நாங்கள் வகுப்பில் பார்ப்பது அந்தப் பிள்ளையை.

சந்தேகம் இன்னொரு பெரிய வருத்தம். நீண்ட காலம் குடிக்கிறவர்களில் சிலருக்கு மனைவி மேல் அசைக்க முடியாத சந்தேகம் பிடிக்கும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளையிடம் ஏன் சிரித்தாய் என்று தொடங்குவார். சாட்சி சொன்னாலும் சத்தியம் பண்ணினாலும் தீராது. டொக்டர்மார் இதை நோயின் ஒரு குணமாகவே பார்க்கிறார்கள், மருந்தும் இருக்கிறது. ஆபத்தானதும் கூட. குடி நோய் என்று நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நான் நோயாளி, அதான் அடிச்சேன்" என்று யாரும் வர வேண்டாம். அடிப்பது குற்றம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. சந்தேகம் முற்றி மிரட்டல் வருகிற வீட்டில், அவர் தெளியட்டும் என்று காத்திருக்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். வெறி முறிகிற நேரத்தில் செத்துப்போகிறேன் என்று பேசுகிறவரைக் குடிகாரன் பேச்சு என்று விடாதீர்கள். வீட்டில் பூச்சி மருந்து இருந்தால் அன்றைக்கே அகற்றுங்கள். 1926க்குப் பேசினால் தமிழிலும் பேசலாமா என்று முதலிலேயே கேளுங்கள்.

தாய்மார்களிடம் ஒரு விஷயம். டவுனில் "குடியை மறக்க வைக்கும் மருந்து" என்று தூளும் துளியும் விற்கிறார்கள், சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். எங்கள் லயத்திலும் வாங்கிய ஆட்கள் இருக்கிறார்கள். என்ன மருந்தென்றே தெரியாததைக் கொடுக்காதீர்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை ஒன்று ஆஸ்பத்திரியில் உண்டு. அதை நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதித்து, டொக்டர் பார்த்துக் கொடுப்பார். அதே மாத்திரை உடம்பில் இருப்பது தெரியாமல் அவர் போய் அரைப் போத்தல் குடித்தால் பிரஷர் விழுந்து, இருதயமே நின்றுவிடலாம். குடிக்கிற ஏக்கத்தைக் குறைக்கிற வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. அதையும் டொக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

சங்கத்தைப் பற்றியும் பேச வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் சாராயம் விற்கிற உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டார்கள், அரசாங்கத்துக்கு அது பெரிய வருமானம். தோட்டத்துக்குப் பக்கத்துச் சந்தியில் தவறணை வந்தது அப்படித்தான். நம் தாத்தாமார் உழைத்த காசு ஒரு கையால் வந்து மறு கையால் போனது. இன்றைக்கும் மதுவரி திறைசேரிக்குப் பெரிய தொகை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது. எங்கள் ஏழாம் வகுப்புப் பையன் தகப்பனுக்குப் போத்தல் வாங்கப் போகிறான், கடைக்காரர் கொடுக்கிறார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு எங்கள் பக்கத்தை மறைத்தால் அது நேர்மையில்லை. சங்கத்துக்கு ஆள் சேர்க்கிற காலத்தில் லயத்துக்குள் போத்தல் இறங்கியது நமக்குத் தெரியாதா? மே தின பஸ்ஸின் பின் சீட்டில் பெட்டி ஏறியது தெரியாதா? தேர்தல் காலத்தில் நம் கிளை ஆட்களே பகிர்ந்து கொடுத்தார்கள். நாங்கள் பார்த்தோம், பேசவில்லை. கூட்டத்துக்கு ஆள் வர வேண்டுமே என்ற எண்ணம். போன மே தினத்திலிருந்து எங்கள் கிளை பஸ்ஸில் போத்தல் ஏற்றுவதில்லை. முன்பு இரண்டு பஸ் போனது, அன்றைக்கு ஒரு பஸ்தான் நிறைந்தது. அந்தப் பஸ்ஸில் பாதிப்பேர் பெண்கள். அதுவரைக்கும் மே தினத்துக்கு வராத பெண்கள்.

நம் தோழர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எட்டு மாதம் தொடவில்லை. தீபாவளி அட்வான்ஸ் போட்ட அன்றைக்குக் கூட்டாளிமார், "ஒரு கிளாஸ் தானே, நல்ல நாளும் அதுவுமா" என்று கையில் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். லயத்தில் எல்லாரும், "பாத்தீங்களா, நாய் வால்" என்றார்கள். நாங்களும் சோர்ந்துதான் போனோம். அவர் மனைவி சோரவில்லை. "காச்சல் திரும்பி வந்தா மறுபடி ஆஸ்பத்திரிக்குத்தானே போறோம்" என்று சொல்லி மறுநாளே கூட்டிக்கொண்டு போனார். இந்த முறை வீட்டில் நிறுத்தப் பார்க்காமல் நேரே வார்டுக்கு. அந்த நாட்களில் அதே லயத்து ஐந்து வீடுகள் முறை வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டன. ஆஸ்பத்திரி இலவசம்தான், ஆனால் பேர் விழாத நாளுக்கு அடுப்பு எரிய வேண்டுமே. இதை யாரும் சங்கத் தீர்மானம் போட்டுச் செய்யவில்லை. தாங்களாகச் செய்தார்கள். வாலிபர் நால்வர் பொழுது சாய்கிற நேரத்தில் அவரை வொலிபோல் கிரவுண்டுக்குக் கூட்டிப்போய் ஸ்கோர் எழுத வைத்தார்கள். கை நடுங்காமல் எழுதுகிறாரா என்று நாங்கள் களவாகப் பார்ப்போம். ஒரு நாள் அவரே அதைக் கவனித்துவிட்டு, கொப்பியை எங்கள் முகத்துக்கு முன்னால் பிடித்தார். எழுத்து நேராக இருந்தது. இரண்டாம் தடவை வந்து இப்போது ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது.

கடைசியாக, வீட்டுக்குப் போய் யாரும் யாரையும் மிரட்ட வேண்டாம். போதையில் இருக்கும்போது பேசவும் வேண்டாம், அந்த நேரத்தில் பேசினால் சண்டைதான் மிஞ்சும். காலையில், தெளிந்த நேரத்தில், ஒரே ஒரு தடவை கேளுங்கள். குறைக்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றியதுண்டா? மற்றவர்கள் சொன்னால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்து மனம் குறுகியதுண்டா? காலையில் எழுந்ததும் கைக்காகக் குடிக்க வேண்டியிருக்கிறதா? இந்த நாலில் இரண்டுக்கு ஆம் என்றால் டொக்டரைப் பார்க்க வேண்டிய நேரம். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், மறக்காதீர்கள், தானாக நிறுத்த விடக்கூடாது.

ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக் வியாழக்கிழமைகளில். மனநலம் என்ற பெயரைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள், அங்கேதான் இதைப் பார்க்கிறார்கள். காலை ஆறு மணி பஸ்ஸில் போனால் முதல் நம்பர்களில் துண்டு எடுக்கலாம். ஒவ்வொரு வியாழனும் கமிட்டியில் ஒருவர் கூட வருவார், இந்த வாரம் நாங்கள். நம் தோழரும் வருகிறேன் என்றிருக்கிறார், புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார. வருகிறவர்கள் இன்று போகும் முன் மாதர் சங்கத் தலைவியிடம் காதோடு சொல்லிவிட்டுப் போங்கள். பேர் எதையும் கொப்பியில் எழுத மாட்டோம்.